அவர் வாய்க்கு மேல் போட்ட மேளம்

படம் வந்துவிட்டதென்று தங்கச்சி போனைக் கொண்டுவந்தபோது நான் மனிசன் மௌத்தான பெண்கள் வீட்டுக்குள் ஒதுங்கி இருக்கும் இத்தாவில் இருந்தேன். என் மனிசன் மீராசாவைச் சவளக்கடை வயல்வட்டையில் யானை அடித்துக் கொன்றது. அவருடைய போனும் அவரோடு சேர்ந்து மிதிபட்டுப் போனது. அதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் வெள்ளைக்காரப் படக்காரர் அவரோடு காவல் பரணில் இருந்து யானைகளைப் படம் பிடித்தார்கள். வயிற்றில் கிடக்கும் பிள்ளைக்கு வாப்பாவின் குரலென்று மிச்சம் அந்தப் படம் ஒன்றுதான்.

படம் அழகுதான், பொய் சொல்லமாட்டேன். பனிக்குள் கதிர், ட்ரோனில் பிடித்த வட்டை, தாயின் காலுக்குள் ஒளியும் குட்டி. குட்டிக்குப் பேர்கூட வைத்திருந்தார்கள். வயலின் அழுதது. பிறகு மேளம் முழங்க, தீப்பந்தத்தோடு என் மனிசன் வந்தார். வாய் அசைகிறது, சத்தமில்லை. வேறொருவன் கதைக்கிறான், கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது: ‘மனிதனின் வெறுப்பு கர்ஜிக்கிறது.’ அவருக்குப் பேருமில்லை.

வெறுப்பாம்! எங்கள் வட்டையில் யானையை ஏசுவதே இல்லை, அதையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவோம். “வாப்பா, புள்ளைகள்ற சோறு இது, காட்டுக்குப் போங்க வாப்பா” என்று கெஞ்சுவதுதான் வழக்கம். அவர் சொன்னதும் அதுதான். அந்த வாய் அசைவு எனக்குத் தெரியாதா? பாவம் ஓரிடம் பழி ஓரிடம்.

படக்காரருக்கு மொழிபெயர்த்த காரைதீவுத் தனுசனுக்குத் தங்கச்சியின் போனிலேயே கோல் எடுத்தேன்.

“இத்தாவில இரிக்கிற பொம்பிள அந்நிய ஆம்பிளையோட கதைக்கிறயா?” என்று தங்கச்சி போனைப் பறிக்க வந்தாள்.

“பொத்து வாய! அல்லாஹ்க்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறன்” என்றேன். பிறகு தனுசனிடம் கேட்டேன்: “தம்பி, அவரு என்ன சொன்னாரெண்டு அவனுகளுக்குச் சொன்னீங்களா?”

“சொன்னன் ராத்தா. படத்துக்கு ஒரு எதிரி வேணுமாம். கெஞ்சுற ஆளப் பாத்தா சனத்துக்குக் கோவம் வராதாம்.”

“நாசமாப் போவானுகள்! செத்த மனிசன்ர மையத்துக்கு மேல மேளம் அடிச்சிரிக்கானுகள். சரி, அவர்ர சத்தத்த மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்க.”



“கேட்டுட்டன் ராத்தா. படத்துக்குத் தேவையில்லாத சத்தமெல்லாம் அழிச்சிட்டாங்களாம். குட்டி கத்தினது இரிக்காம். வேணுமெண்டா அத அனுப்பட்டாமெண்டு கேக்காங்க.”



“அத அவனுகளே வச்சிக் கேக்கட்டும். என்ட புள்ள பொறந்து வளந்து, வாப்பா எப்பிடிக் கதைப்பாரெண்டு கேக்கக்குள்ள, நான் எதப் போட்டுக் காட்ட? மேளத்தயா?”