பூநாரை கடலில் இறங்கிய நாள்

கூல்வென்னுக்குப் பிழைப்பு ரென் நகரத்தில் லிஃப்ட் ரிப்பேர். ஆனால் வருஷத்தில் ஒரு வாரம், ஜூலை மாதம் பிரெத்தான் கரையோரத்தில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கும்போது, அவன் கடற்கரைகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி ஆகிவிடுவான். காற்று எந்தப் பக்கம், கடல் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது, மணல் நைஸா பரலா, ரொட்டிக் கடை எத்தனை நிமிஷ நடை, எல்லாம் ஒரு நீல நோட்டில் இருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று கடற்கரைகள். ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் வேறு. பதினேழுக்கு மேல் எதற்கும் போட்டதில்லை. கடவுளே இறங்கி வந்து மணல் பரப்பிக் கொடுத்தாலும் அரை மதிப்பெண் குறைத்திருப்பான்.

இப்படி ஒரு ஆள் வீட்டில் இருப்பது வசதிதானே என்று தோன்றும். கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. ஒரு கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் தாங்கமாட்டான். மூக்கைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடிப்பான். நோட்டைப் புரட்டுவான். பிறகு மெதுவாக ஆரம்பிப்பான்.

"இங்கயும் பரவாயில்லதான். ஆனா இந்நேரத்துக்கு போர்ஸ் மெலென்ல இன்னும் நல்லா இருக்கும். கார்ல பத்தே நிமிஷம்."

உடனே குடை மடங்கும், காற்றுத் தடுப்புத் துணி சுருளும், ஈரத் துண்டுகள் மணலோடு காருக்குள் போகும். அந்தப் பத்து நிமிஷம் ஒருநாளும் பத்து நிமிஷமாக இருந்ததில்லை.

அவன் மனைவி ஒதீல் லியோன்காரி. பதினாலு வருஷமாக இதைப் பொறுத்துக்கொண்டாள். பதினொரு வயது மகள் அசெனோர் பிறந்ததிலிருந்தே பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதவர் ஒதீலின் அண்ணன் பத்ரீஸ். லியோனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தனிக்கட்டை, வருஷாவருஷம் இவர்களோடு வருபவர். இந்த வருஷம் அவர் ஒரு ரப்பர் பூநாரை வாங்கி வந்திருந்தார். ரோஜா நிறம், இரண்டு மீட்டர் நீளம், முதுகில் ஆள் உட்காரலாம், சிறகில் கோப்பை வைக்கக் குழி கூட உண்டு. காற்றடிக்கும் பம்பை மட்டும் லியோனிலேயே மறந்துவிட்டார். வாயால்தான் ஊத வேண்டும். முழுசாக ஊத நாற்பது நிமிஷம் ஆகும். உடம்பு உப்பி, சிறகு உப்பி, கடைசியில்தான் கழுத்து நிமிரும். கழுத்து நிமிரும் நேரமும் கூல்வென் நோட்டைப் புரட்டும் நேரமும் மிகச் சரியாக ஒன்றாகவே வந்தன. ஊதிய பூநாரை காருக்குள் நுழையாது. ஆகவே புஸ்ஸென்று காற்றை இறக்கிவிட்டு அடுத்த கரை.

முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது கரையில் பத்ரீஸ் முகம் நாரையின் நிறத்துக்கே வந்துவிட்டது.

"மாப்ளே, அடுத்த வருஷம் வாந்தே பக்கம் போயிடுவோம்" என்றார் மூச்சு வாங்க. "நீச்சல் குளம் வச்ச கேம்ப். மூணு சறுக்கு இருக்கு. அங்க தண்ணி ஒரே இடத்துல நிக்கும். உன் கடல் மாதிரி நாம வர்றப்ப எந்திரிச்சுப் போகாது."

கூல்வென் சிரித்து மழுப்பப் பார்த்தான். ஆனால் ஒதீல் சிரிக்கவில்லை.

"சரி, ஓட்டுப் போடுவோம். ஆறு நாள் இருக்கு. தெனம் சாயங்காலம் நாங்க மூணு பேரும் இந்த பிஸ்கட் டப்பாவுல ஆளுக்கொரு சிப்பி போடுறோம். நல்ல நாள்னா வெள்ளை, இல்லைன்னா கறுப்பு. மூணும் வெள்ளையா விழுந்தாதான் அது நல்ல நாள். மூணு நல்ல நாள் வந்தா அடுத்த வருஷமும் இங்க. வரலைன்னா குளம்."

"எனக்கு ஓட்டு?"

"குற்றவாளிக்கு ஏதுப்பா ஓட்டு?" என்றாள் அசெனோர்.

 இந்தக் கரையில் பிறந்தவன் கூல்வென். வருஷம் முழுக்க மற்றவர்களின் லிஃப்டுக்குள் அடைந்து கிடப்பதே இந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான். அதை விட்டுவிட்டுக் குளோரின் தண்ணீரில் போய் உட்காருவதா?

ஆனால் பயம் வந்தால் ஆள் திருந்துவானா? இரண்டு மடங்கு ஆகிவிட்டது வியாதி. திங்கட்கிழமை மூன்று கரை. செவ்வாய்க்கிழமை போன இடத்தில் கடலைக் காணோம். வற்றத்தில் அது ஒரு கிலோமீட்டர் பின்னால் போயிருந்தது. தேடி நடந்துபோன பத்ரீஸ் வழியிலேயே தன் சாண்ட்விச்சைத் தின்று முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். புதன்கிழமை நாள் முழுக்க மழை. யாரும் எங்கும் போகவில்லை. அடுப்படியில் கருப்புக் கோதுமை மாவில் கலெத் என்னும் அந்த ஊர் தோசை சுட்டு, முட்டையும் சீஸும் வைத்துத் தின்று, சீட்டாடினார்கள். அன்றைக்கு மூன்றும் வெள்ளைச் சிப்பி. கூல்வென் அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டான். அவன் கடற்கரை எதையும் தேர்ந்தெடுக்காத நாள் அது என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவன் சின்ன வயதில் அப்பாவோடு நண்டு பிடித்த ஒரு கரைக்குக் கூட்டிப்போனான். அங்கே இப்போது யாரும் துணி உடுத்துவதில்லை. அசெனோர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். ஓடியும் போக முடியவில்லை, ஏனென்றால் பத்ரீஸை அவருடைய லியோன் வாடிக்கையாளர் ஒருவர் அடையாளம் கண்டு கைகொடுக்க வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி ஒன்றைத் தவிர வந்தவர் மேல் எதுவும் இல்லை. "ஃப்ரேம் நல்லா இருக்கு" என்று மட்டும் பத்ரீஸ் வானத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கும் மூன்றும் வெள்ளை. காரணம் கடற்கரை அல்ல, அந்த வாடிக்கையாளர். வெள்ளிக்கிழமை பாசி நாற்றம், மூன்றும் கறுப்பு.

இரண்டு நல்ல நாள் கையில். மிச்சம் சனிக்கிழமை ஒன்றுதான்.

கூல்வென் எனெஸ் கோஸ் தீவைத் தேர்ந்தெடுத்தான். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்னத் தீவு. உச்சியில் புல்மேடு, பழைய கல் குடிசை ஒன்று, தெற்குப் பக்கம் வெள்ளை மணல். வற்றத்துக்கு மூன்று மணி முன்னும் மூன்று மணி பின்னும் நடந்து போகலாம், வரலாம். மற்ற நேரம் வழி தண்ணீருக்கடியில்.

"ஒதீல், இன்னிக்கு வத்தம் எத்தனைக்கு?" என்று காரை ஓட்டிக்கொண்டே கேட்டான். கைபேசியில் வற்றம் பார்ப்பவனை அவன் மனிதனாகவே மதிப்பதில்லை. தூண்டில் புழு விற்கும் கடையில் கொடுக்கும் சிறு புத்தகம்தான் அவனுக்கு வேதம். அது குளிர்கால மணியில் அச்சானது. கோடையில் ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால், அச்சில் உள்ளதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

ஒதீல் புத்தகத்தைப் பார்த்தாள். "பதினொண்ணு நாப்பது."

"அப்ப ரெண்டு நாப்பது வரைக்கும் வழி இருக்கும். ரெண்டேகாலுக்குக் கிளம்பினா போதும்" என்றான். கண் ஒரு வீட்டுக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதில் இருந்தது.

பத்தரைக்கெல்லாம் ஈர மணலில் நடந்தார்கள். ஒதீலின் பையை வாங்கித் தூக்கிய கூல்வென்னுக்குத் தோள் இறங்கிவிட்டது.

"நாலு மணி நேரத்துக்கு இவ்வளவா? கல்லா கட்டிக்கிட்டு வந்திருக்க?"

"பசிக்கும்" என்றாள் அவள்.

தீவில் மணல் நன்றாகத்தான் இருந்தது. பத்ரீஸ் ஊத ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நாரையின் கழுத்து நிமிர்ந்தது. கூல்வென் மூக்கைத் தூக்கினான். இன்றைக்கு வாயைத் திறக்கக்கூடாது என்று தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டான். ஒரு மணி வரை கிள்ளினான். இரண்டு மணிக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"இங்கயும் பரவாயில்லதான். ஆனா..."

பத்ரீஸ் நாரையின் காற்று மூடியில் விரலை வைத்தார். அப்போது புல்மேட்டில் நின்ற அசெனோர் கூப்பிட்டாள்.

"அப்பா, வந்த வழிய காணோம்."

ஓடிப் பார்த்தான். வந்த வழியில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு இருக்கும், இழுப்பும் பலம். கைக்கடிகாரத்தை ஆட்டிப் பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான். கடல் கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"எப்ப தெறக்கும்?" என்றார் பத்ரீஸ்.

"இன்னும் ஆறு மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு."

"நாளைக்குக் காலையிலயா?"

"இன்னிக்குத்தான் மச்சான். சாயங்காலம். வெளிச்சம் பத்து வரைக்கும் இருக்கும், பயப்படாதீங்க." சொல்லும்போதே அவன் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று கறுப்புச் சிப்பிகள் டப்பாவில் விழும் சத்தம் இப்போதே கேட்டது. குளம், குளோரின், மூன்று சறுக்கு.

பத்ரீஸ் மூடியிலிருந்து விரலை எடுத்தார். எதையோ கணக்குப் போட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படின்னா, எட்டு மணி வரைக்கும் நாம இந்த எடத்தைவிட்டு எங்கயும் போக முடியாது?"

"முடியாது."

"நீ நெனச்சாலும் முடியாது?"

"முடியாது மச்சான்."

பத்ரீஸ் பூநாரையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி நடந்தார். ஏழு நாளில் முதல் தடவையாக அந்தப் பறவை தண்ணீரைத் தொட்டது. அவர் ஏறினார், கவிழ்ந்தார், "ஐயோ, ஐஸு" என்றார், மறுபடி ஏறினார். ஒதீல் நாரையின் கழுத்தில் கயிறு கட்டி மறுமுனையை அசெனோரிடம் கொடுத்தாள். சிறகின் குழியில் ஒரு கோப்பை சீதர், ஆப்பிள் மது, ஊற்றி வைத்தாள். கண்ணாடிக் கடைக்காரர் தொப்பியோடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பவனி வந்தார். நண்டுக்கூடு தூக்க வந்த ஒரு படகுக்காரர் வேகத்தைக் குறைத்து உற்றுப் பார்த்தார். பத்ரீஸ் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். படகுக்காரரும் பதிலுக்குத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார்.

கூல்வென் கொஞ்ச நேரம் நடந்துகொண்டே இருந்தான். தீவைச் சுற்றிவர ஏழு நிமிஷம்தான். நான்காவது சுற்றில் ஒதீல் துண்டைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தான். நோட்டைத் தேடினான், காரில் இருந்தது. படுத்தான். ஏற்றம் உச்சத்துக்கு வந்தபோது தண்ணீர் அவன் குதிகால்வரை வந்து தொட்டுவிட்டுப் போனது. பையிலிருந்து எட்டு அவித்த முட்டை வந்தது, இரண்டு ரொட்டி, வெண்ணெய் வழியும் குயினமான் கேக், ஃப்ளாஸ்க்கில் காபி வந்தது. வெயில் இறங்கியதும் நான்கு ஸ்வெட்டர் வந்தது. அசெனோர் அவன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். அவள் கடைசியாக எப்போது அப்படித் தூங்கினாள் என்று அவனுக்கு நினைவில்லை. அவள் எழுந்துவிடக்கூடாதே என்று மூச்சைக்கூட மெல்ல விட்டான்.

எட்டு மணிக்கு வழி திறந்தது. முதலில் போக மறுத்தவர் பத்ரீஸ்தான். காற்றை இறக்கவும் மறுத்தார். நாரையைக் காரின் கூரைமேல் கட்ட அவரும் அசெனோரும் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கூல்வென் உள்ளே உட்கார்ந்து வற்றப் புத்தகத்தைத் திறந்தான். அச்சில் 9.40. அதன் மேல் பென்சிலால், தன் கையெழுத்தில், 10.40.

"ஒதீல், நான்தான் வந்த அன்னிக்கே ஒரு மணி கூட்டி எழுதிட்டேனே. நீ அதுமேல இன்னொரு மணி கூட்டிச் சொல்லியிருக்க."

"அப்படியா?"

"நீதானே பென்சிலச் சீவிக் கொடுத்த. எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்த."

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள் ஒதீல்.

அவன் பின் இருக்கையில் கிடந்த பையைப் பார்த்தான். நான்கு ஸ்வெட்டர், எட்டு முட்டை. அவளைப் பார்த்தான். அவள் காலிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலில் பத்ரீஸ் தலை நீட்டினார். "மாப்ளே, இன்னிக்கு மணிக் கணக்குப் போட்ட புண்ணியவான் யாரு? அவன் கையில முத்தம் கொடுக்கணும்."

பெயரைத் தட்டிக்கொண்டுபோக நல்ல வாய்ப்பு. கூல்வென் ஒரு நொடி யோசித்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

"உங்க தங்கச்சிதான் மச்சான். நான் பதினாலு வருஷம் போட்டும் ஒரு கணக்கும் இப்படிச் சரியா வரல."

வீட்டில் பிஸ்கட் டப்பா மேசைக்கு வந்தது. அசெனோர் வெள்ளை. பத்ரீஸ் இரண்டு வெள்ளை போடப் பார்த்துப் பிடிபட்டார். ஒதீல் மட்டும் சிப்பியைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு ஊருக்குக் கிளம்புறோம். வழியில எங்கயாவது நிறுத்தணுமா?" என்று கேட்டாள்.

போர்ஸ் மெலென், பத்தே நிமிஷம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாளைக் காலையில் அங்கே காற்று எப்படி இருக்கும் என்று யோசித்தபோதுதான், இன்றைக்குத் தீவில் மத்தியானத்துக்கு மேல் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்றே தனக்குத் தெரியவில்லை என்பது உறைத்தது. கவனிக்கவே இல்லை.

"வேணாம்" என்றான். "காலையில இங்கயே உக்காந்து மெதுவா காபி குடிச்சிட்டுக் கிளம்புவோம்."

ஒதீல் கையைத் திறந்து வெள்ளைச் சிப்பியை டப்பாவுக்குள் போட்டாள்.