நீலம் விட்ட பச்சைத் தூள்

கிரேஸுக்கு வயிறு எரிந்தது. காரணம், ஓரகத்தி சுகாசினி தினமும் காலையில் மோரில் கலந்து குடிக்கும் ஒரு ஸ்பூன் பச்சைத் தூள். ஸ்பைருலினா என்கிற சுருள்பாசியாம். ஆறு மாதத்துக்கு முன்பு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியவள், டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையோடு இதையும் சேர்த்துக்கொண்டு, ரத்தம் எட்டிலிருந்து பதினொன்றுக்கு ஏறி, இப்போது முகம் மினுங்க வளைய வருகிறாள். மாமியார் பட்டம்மாளுக்கு வாயைத் திறந்தால் சுகாசினிதான். மூத்த மருமகள் என்று ஒருத்தி இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

மானத்தை விட்டு ஒருநாள் கிரேஸ் சுகாசினியிடமே கேட்டாள்.

"எனக்கும் கொஞ்சம் குடேன்."

"உனக்குத் தைராய்டு இருக்குதேக்கா. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் சாப்பிடணும்."

கிரேஸ் அதை நம்பவில்லை. தான் மட்டும் மினுங்க வேண்டும், வேறென்ன?

கிரேஸ் பதினோரு வருடமாகச் சாயப் பட்டறையில் வேலை பார்க்கிறவள். சாயம் ஏற்றிய பட்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துவாள். கறை பட்டால் கழித்துவிடுவாள். அந்தக் கை சும்மா இருக்குமா? மறுநாள் சுகாசினி குளிக்கப் போன நேரம், டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நனைத்து, வெள்ளைத் துணியில் மடித்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தூளைச் சுற்றி நீலம் பரவியது. கிரேஸுக்கு உச்சி குளிர்ந்தது.

"அத்தை, வந்து பாருங்க! உங்க சின்ன மருமக சாயத்தைக் குடிச்சிக்கினு இருக்குறா!"

பட்டம்மாள் பதறிப்போய் டப்பாவை அப்படியே சாக்கடையில் கொட்டினார்.

ஈரத் தலையோடு வந்த சுகாசினி துணியைப் பார்த்தாள். பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள்.

"ஏனாத்தூர்ல சுத்தமான தொட்டியில வளர்க்கிறாங்க அத்தை. விஷம் எதுவும் இல்லன்னு லேப் ரிப்போர்ட் பார்த்துட்டுத்தான் வாங்குனேன். பாசிக்குள்ளயே நீலம் இருக்குது, தண்ணி பட்டா விடும். பட்டுதான் சாயம் விடக் கூடாது."

கிரேஸ் திட்டுக்குக் காத்திருந்தாள். சுகாசினி நாலு வார்த்தை கேட்டால், தானும் நாலு திருப்பிக் கொடுத்து மனம் ஆறலாம்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன்க்கா. உன் தைராய்டு சீட்டையும் குடு. நீ சாப்பிடலாமான்னு கேட்டுக்கினு வரேன்."

"தங்கமான பொண்ணுமா நீ," என்றார் பட்டம்மாள்.

கிரேஸ் சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முகத்து மினுக்குக்காவது ஒரு தூள் இருந்தது. இந்தப் பொறுமைக்கு இவள் எதைக் கலந்து குடிக்கிறாளோ!