குவாரி ரோட்டில் கர்டிஸ் நடந்த காலை

பஸ் செலவைக் குறைக்கிறேன் என்று பள்ளி மாவட்டத்தின் நிதி அதிகாரி கர்டிஸ் ஹோல்ப்ரூக் எடுத்துவிட்ட நிறுத்தங்களில் குவாரி ரோடும் ஒன்று. அந்தக் குளிர்காலத்திலேயே, நெடுஞ்சாலை ஓரமாகப் பனியில் பள்ளிக்கு நடந்துபோன அந்தத் தெருச் சிறுமி டெஸ்ஸாவை ஒரு லாரி இடித்துத் தள்ளியது. உயிர் தப்பினாள். இடது கால்தான் பழையபடி ஆகவில்லை.

அவள் அம்மா ரோண்டா பெல்கி கல்வி வாரியக் கூட்டத்தில் போய்க் கத்தினாள். கர்டிஸ் கண்ணாடியைத் துடைத்தபடியே, "ஒரு தெருவுக்காக ஒரு பஸ் விட முடியாதும்மா. பொண்ணுக்கு நல்ல பூட்ஸா வாங்கிக் குடுங்க," என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ரோண்டா அடுத்த தேர்தலில் வாரியத்துக்கு நின்றாள். உணவகத்தில் பரிமாறும் வேலை முடிந்ததும் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ஜெயித்தாள். பிப்ரவரியில் கர்டிஸின் வேலையை நீட்டிப்பதா என்ற பேச்சு வந்தபோது மற்றவர்கள் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நின்றார்கள். எல்லோர் கண்ணும் அவள்மேல்.

"முதல்ல அவர் குவாரி ரோட்லேருந்து ஸ்கூல் வரைக்கும் நடக்கட்டும். பசங்க போற நேரத்துக்கு. அப்புறம் ஓட்டுப் போடறேன்."

மறுநாள் காலை அவர் நடந்தார். ரோண்டா காரை ஊர விட்டபடி பின்னால் வந்தாள். லாரிகள் சேற்றுப்பனியை அவர் முகத்தில் வாரி அடித்தன. ஒரு வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். எழுந்து வந்து கார் ஜன்னலைத் தட்டினார்.

"ஏறிக்கட்டுமா?"

"நல்ல பூட்ஸ்தானே போட்டிருக்கீங்க? நடங்க."

பள்ளி வாசலில் உதடு நடுங்க நின்றார். "நிறுத்தத்த நானே திரும்பப் போட்டுடறேன், ரோண்டா. என் வேலைய மட்டும் கெடுத்துடாதீங்க."

"போடுங்க," என்றாள்.

அடுத்த கூட்டத்தில் அவரே அதை முன்மொழிந்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். அடுத்தது அவருடைய வேலை. ரோண்டா எதிர்த்துக் கை தூக்கினாள். அந்த ஒரு ஓட்டில் வேலை போனது.

"நீங்க கேட்டதெல்லாம் செஞ்சேனே!" கர்டிஸின் குரல் உடைந்தது.

"செஞ்சீங்க. பதிலுக்கு நான் ஏதாவது தரேன்னு சொன்னேனா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் வந்தது. டெஸ்ஸா கம்பியைப் பிடித்து, இடது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறுவதை ரோண்டா சமையலறை ஜன்னல் வழியே பார்த்தாள். மனம் ஆறவில்லை. அந்த ஆளை இன்னும் கொஞ்ச தூரம் நடக்க விட்டிருக்க வேண்டும்.