பதினேழாம் எண் ரத்தம்

பதினேழாம் எண் வரவில்லை. போன வாரமே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுப் போன மனிதர், போனையும் எடுக்கவில்லை. ரத்தம் நிரப்பிய குழாய்களை எடுத்துப்போகும் வண்டிக்காரர் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றார். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவன் நான்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. கேட்ட நிறம் இல்லையென்றால் கிட்டத்தட்ட அதே நிறத்தை விரித்துப் போட்டு, "வெயில்ல பாருங்க, இதான் அது" என்போமே தவிர, இல்லை என்று சொல்லி யாரையும் படியிறங்க விட்டதில்லை. நான் கடையை விட்டு வந்துவிட்டேன். அந்தப் புத்தியை விடவில்லை. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, என் இடக்கையிலேயே ஊசியைப் போட்டேன். குழாயில் 17 என்று ஒட்டினேன். தாளில் ஆண், வயது முப்பத்தைந்து. நானும் ஆண், முப்பத்தாறு. சரக்கில் என்ன குறை?

எங்கள் கூடத்தின் வேலை, ஒரு மனிதனின் குரோமோசோம்களை முனைக்கு முனை விடுபடாமல் படிப்பது. இயந்திரம் துண்டு துண்டாகத்தான் படித்துத் தரும். அந்தத் துண்டுகளைக் கணினியில் ஒன்றோடொன்று சேர்த்து முழுசாக்குகிற பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் தையல்காரி. இரண்டு மாதம் கழித்து என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, பதினேழுல ஏதோ தப்பாத் தைச்சிருக்கேன். நாலாவது குரோமோசோமோட வால் பதினொண்ணுல இருக்கு, பதினொண்ணோட வால் நாலுல இருக்கு. அந்த ஆளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை எடுத்துக் குடுங்க."

"அவர் வெளியூர்ல இல்ல இருக்காரு?"

"அப்ப நானே போன் பண்ணிப் பேசவா?"

"வேண்டாம் வேண்டாம், நான் பேசறேன்."

மறுபடி சாமான் அறை, மறுபடி பல்லில் பட்டை. வால்கள் மறுபடியும் இடம் மாறித்தான் இருந்தன. மூன்றாம் முறை குழாயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "என்னண்ணா, ரத்தம் குடுத்தவர் மாதிரி நீங்க வெளுத்துப்போய் வர்றீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தையல்காரி கை தட்டினாள். தையலில் தப்பே இல்லையாம். ஆளே அப்படியாம்.

"ஒண்ணும் கூடல, ஒண்ணும் குறையல, இடம்தான் மாறியிருக்கு. அதனால அவருக்கு ஒரு தலைவலிகூட வராது. ஆனா பிள்ளைக்குப் பாதிதானே போகும்? அதுல பெரும்பாலும் ஒரு வால் கூடிடும், இன்னொரு வால் குறைஞ்சிடும். கரு தங்காது. பாவம், அந்த வீட்டுல பொண்டாட்டியைத்தான் கரிச்சுக் கொட்டிட்டு இருப்பாங்க."

எங்கள் வீட்டில் நான்கு வருடத்தில் மூன்று கருக்கள் கலைந்திருந்தன. கரித்துக் கொட்டுகிற வேலையை என் அக்கா பார்த்துக்கொண்டாள். அவள் பிடித்துக் கொடுத்த டாக்டர், கர்ப்பப்பைக்குள் ஒரு சின்னத் தடுப்பு இருக்கிற மாதிரி தெரிகிறது, வெட்டிப் பார்க்கலாம் என்றார். வியாழக்கிழமை காலை அறுவை. என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, செவ்வாய் சாயந்தரமே பையை அடுக்கிவிட்டாள்.

புதன்கிழமை டைரக்டர் அறைக்குப் போனேன்.

"சார், பதினேழாம் நம்பர் ரிப்போர்ட்ல ஒரு காப்பி வேணும்."

"எதுக்கு?"

"பதினேழு நான்தான் சார்."

நடந்ததையும் மறுநாள் அறுவையையும் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஒப்புதல் தாள்ல இருக்கிறது உன் கையெழுத்தா?"

"இல்ல சார்."

"அப்ப அது நீ இல்ல. நீதான்னா, ஒப்புதல் இல்லாத ரத்தத்தை வெச்சுக்கிட்டுப் பதினெட்டு பேர் மாசக்கணக்கா மண்டையை உடைச்சிருக்கோம். துண்டைச் சேர்க்கிற அந்தப் பொண்ணோட டாக்டர் பட்டமே பதினேழுலதான் நிக்குது."

"இன்னிக்கே என் பேர்ல ஒப்புதல் எழுதித் தரேன் சார்."

"எந்தத் தேதி போடுவ?"

அவர் குரலை இறக்கினார். "மூணு மாசம் பொறு, ஆராய்ச்சிக் கட்டுரை வந்துடும். அப்புறம் வெளியில எங்கயாவது டெஸ்ட் எடுத்துக்க, இதே பதில் கிடைச்சிடும். ஆபரேஷனை ஏதாவது சாக்கு சொல்லித் தள்ளிப் போடு. யாருக்கும் நஷ்டமில்ல."

படியக்கூடிய பேரம்தான். என் அப்பாவாக இருந்தால் அங்கேயே கைகுலுக்கி முடித்திருப்பார்.

வீட்டில் அந்தச் சாக்கை எடுத்து விரித்தேன். "நாளைக்கு வேண்டாமே. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்."

அக்கா பாய்ந்தாள். "டேய், இவளே இப்பதான் வழிக்கு வந்திருக்கா, நீ ஏண்டா கெடுக்கற?"

மனைவி என்னைப் பார்த்தாள். "காரணம் சொல்லுங்க, தள்ளிப் போடறேன்."

"மனசு சரியில்ல."

"யாருக்கு? உங்களுக்கா? மூணு தடவை ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, என்கிட்ட என்ன தப்புன்னு உங்களைக் கேட்டிருக்கேன். நாளைக்காவது பதில் தெரியும்னுதான் போறேன். நான் போவேன்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இந்தப் பக்கம் தையல்காரியின் பட்டம், அந்தப் பக்கம் இவள் வயிற்றில் கத்தி.

"தப்பு உன்கிட்ட இல்ல. என்கிட்ட," என்று தொடங்கி, சாமான் அறையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க வம்சத்துலயே அப்படி எதுவும் கிடையாது," என்றாள் அக்கா. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"எப்பத் தெரியும்?" என்றாள் மனைவி.

"நேத்து."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"சாயந்தரம் நான் பை அடுக்கும்போது துண்டு மடிச்சுக் குடுத்தீங்களே?"

"ஆமா."

"உங்க ஆபீசுல ரொட்டிக்குப் போடற ஈஸ்ட்டோட குரோமோசோமையே வெட்டி ஒட்டறோம்னு பெருமையடிச்சீங்களே, உங்களுதை ஒட்டித் தரமாட்டாங்களா?" என்றாள்.

"ஈஸ்ட்டு ஒரே ஒரு செல்லு. எனக்கு உடம்பு பூரா இதேதான்."

"அப்ப நீங்க இதோடயே இருந்தாகணும்."

"ஆமா."

"நான்?"

அவள் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "எப்படியும் லீவு போட்டாச்சு. நாளைக்கு உங்க ஆபீசுக்குப் போறோம். டைரக்டர் வாயால கேக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு உங்க வாயால கேக்கணும்."

வியாழக்கிழமை தையல்காரியின் மேஜை முன்னால் நின்று சொன்னேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. என் இடக்கையைப் பார்த்தாள். கண்கள் நிறைந்தன, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு என் மனைவியைப் பார்த்து, பக்கத்து மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அக்கா," என்றாள். திரையை என் மனைவி பக்கம் திருப்பி, நாலையும் பதினொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வால் மாறிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். என் மனைவி குனிந்து பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, ஒவ்வொன்றாகக் கேட்டாள். தையல்காரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.