உள்ளே யாரும் இல்லை

சைரன் அடித்த பிறகு முற்றத்தில் நின்றவர்கள்: மூட்டை தூக்கும் மொட்டை, அவனுடைய கூட்டாளி கொக்கு, டிராலி தள்ளும் கௌதாரி, பேக்கிங் பெண்கள் ஒரு கும்பல், எந்தக் கணக்கிலும் சேராத லாரி டிரைவர்கள், மேனேஜர், தீயணைப்பு அதிகாரி, அவருடைய ஆட்கள் இரண்டு பேர், கேட்டில் உட்காரும் பெரியக்கா, அப்புறம் நான். நான் கம்ப்யூட்டர் ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

குளிர்பதனக் கிடங்கில் அமோனியா கசிந்துகொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் கண் எரிந்தது.

அதிகாரிக்கு ஒரே கேள்விதான். "உள்ள ஆள் இருக்கா, இல்லையா? இல்லைன்னா கதவைப் பூட்டிட்டுத் தண்ணியைத் திறந்துவிடுவேன். அப்புறம் நாளைக்குத்தான் திறக்க முடியும். இருந்தா என் ஆள் ஒருத்தர் மாஸ்க் போட்டுட்டு இப்பவே போகணும். சும்மா அனுப்ப மாட்டேன். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்."

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

தலையை எண்ணிப் பயனில்லை. டிரைவர்கள் உள்ளேயே போகாதவர்கள். சைரன் அடித்ததும் பின் கேட் தானாகத் திறந்துகொண்டது. அந்த வழியாக எத்தனை பேர் வீட்டுக்கு நழுவினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் சைரனை யாராலும் நிறுத்த முடியவில்லை. அதனால் பெரியக்கா கூட்டத்துக்குள் புகுந்து, முகம் முகமாகப் பார்த்துத் தன் போனில் பெயர்களைத் தட்டி எனக்கு அனுப்பினாள். கேட்டில் கார்டு தேய்த்து உள்ளே போனவர்களின் பெயர்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டு, கேட் பட்டியலில் இருக்கும், பெரியக்கா அனுப்பியதில் இல்லாத பெயர்களைச் சொல்ல ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. எழுதியது மேனேஜரின் மருமகன். அது ஓடினால் மருமகன் கெட்டிக்காரன், நின்றால் நான் தண்டம்.

லேப்டாப்பை மேனேஜரின் கார் பானெட்டில் வைத்து ஓட்டினேன். உள்ளே இருப்பவர்கள் என்று நாலு பெயர் வந்தது. மொட்டை, கொக்கு, கௌதாரி, மட்டை.

மொட்டை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"நான் உள்ள இருக்கேனாம்டா கொக்கு."

"நானுந்தான். அப்போ இங்க நிக்கறது யாரு, நம்ம ஆவியா?"

"ஆவின்னா மூட்டை தூக்க வேண்டாம். நல்லதாப் போச்சு."

பெரியக்கா சிரிக்கவில்லை. மட்டை அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இடைவேளை விட்டால் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே மட்டையாகிவிடுவான்; அதனால் வந்த பெயர். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். கார்டு போடும்போது பெரியக்கா கூப்பிடும் பெயரையே அடித்துவிட்டாள்.

"தம்பி, இவன் பேர் நிஜமா, இதுவும் கோளாறா?" என்று கேட்டாள். ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. போன்களை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அதனால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

"மூணு பேர் இங்க நிக்கறான். நாலாவது மட்டும் எப்படி நிஜமாகும்?" என்றார் மேனேஜர். "பின் கேட்ல போயிருப்பான். வேலை முடிஞ்சா ஒரு நிமிஷம் நிப்பானா அவன்?"

"நிக்கமாட்டான் சார்," என்றாள் பெரியக்கா. குரலில் உறுதி இல்லை.

"எனக்குப் பேச்சு வேண்டாம். சரியான லிஸ்ட் வேணும்," என்றார் அதிகாரி.

இரண்டு பட்டியலிலும் மொட்டை என்றுதான் இருந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் சேமித்து வைக்கும் எண்ணாக மாற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கேட் கம்ப்யூட்டர் 'மொ'வை முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு துண்டாகச் சேமித்திருந்தது. போன் அதையே ஒரே குறியாக வைத்திருந்தது. திரையில் ஒரே எழுத்து, ஸ்கிரிப்டுக்கு வேறு வேறு ஆள். கொக்குவுக்கும் இதே கதை. கௌதாரியின் கதை வேறு.

"அக்கா, கேட்ல கௌதாரிக்கு என்ன அடிச்சீங்க?"

"ஏன்? கொம்பு போட்டு க, பக்கத்துல ள. கௌ அப்படித்தானே எழுதுவோம்?"

"அது ள இல்லக்கா. ள மாதிரி இருக்கும்."

"ள மாதிரி இருந்தா ள தானேடா. உனக்கு இப்போ பாடமா முக்கியம்?"

அந்த ஒரு வரியைக் கையால் திருத்தினேன். மற்றதற்குக் குறுக்குவழி ஒன்று தோன்றியது. கொம்பும் காலும்தானே தகராறு? கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாவற்றையும் இரண்டு பட்டியலிலிருந்தும் உதிர்த்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் தீர்ந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வரி சேர்த்து ஓட்டினேன்.

உள்ளே இருப்பவர்கள்: பூஜ்யம்.

"அப்பாடா," என்றார் மேனேஜர். பெரியக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான், கழுதை. போய் வச்சுக்கறேன் அவனை," என்றாள். அதிகாரி தன் ஆட்களுக்குக் கை காட்டினார். ஒருவர் குழாயை இழுத்தார், மற்றவர் கதவை நோக்கி நடந்தார்.

நாலு பேரில் மூன்று பேர் பொய்யென்று கண்ணால் பார்த்தேன். நாலாவது ஆள் எப்படி மறைந்தான்? அவன் பெயரில் ஒற்றைக் கொம்பும் இல்லை, கொம்போடு சேர்ந்த காலும் இல்லை. அவனிடம் சரிசெய்ய எதுவுமே இருக்கவில்லை.

எது எதோடு பொருந்தியது என்று திரையில் வரவழைத்தேன். உதிர்த்த பிறகு மொட்டை 'மடட' ஆகியிருந்தான். மட்டையும் 'மடட' ஆகியிருந்தான். உள்ளே போன இரண்டு பேருக்கும் சேர்த்து, முற்றத்தில் நின்ற ஒரே மொட்டையைக் காட்டிக் கணக்கை முடித்திருந்தது ஸ்கிரிப்ட். முதல் தடவை சொன்ன நாலு பெயரில் மட்டையின் பெயர் மட்டும் சரி. அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

"சார், பூட்டாதீங்க."

அதிகாரி திரும்பினார். "என்ன?"

"பூஜ்யம் தப்பு. ஒருத்தர் கணக்குல இல்ல."

"இப்பத்தானேய்யா யாரும் இல்லைன்னே?" என்றார் மேனேஜர். "வாய்க்கு வந்ததைச் சொல்றதுக்கா சம்பளம்?"

"உள்ள இருக்காருன்னு அடிச்சுச் சொல்லுவியா?" என்று கேட்டார் அதிகாரி.

"சொல்ல முடியாது சார். உள்ள போனார். இங்க இல்ல. பின் கேட்ல போனாரான்னு தெரியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பெரியக்காவின் பக்கம் நான் பார்க்கவில்லை. அவளே வந்து நின்றாள். "யாருடா?" என்றாள். தெரிந்துகொண்டே கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அதிகாரியிடம் திரும்பிவிட்டாள். "ரெண்டாவது ரூமுக்குப் பின்னால அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும் சார். மேல ஏறிப் படுத்துப்பான். காதுல பஞ்சு வச்சிருப்பான், மோட்டார் சத்தத்துக்கு."

அதிகாரி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கதவருகே நின்ற ஆளிடம், "ரெண்டாவது ரூம், பின்பக்கம். வேற எங்கயும் தேடாத," என்றார். அந்த ஆள் மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் லேப்டாப்புக்குத் திரும்பினேன். உதிர்க்கும் வரியை எடுத்துப்போட்டேன். துண்டாக இருந்த கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்கும் வரியை எழுதினேன். முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது அது. ஓட்டியதும் ஒரே பெயர் வந்தது. மட்டை. கதவிலிருந்து யாரும் வரவில்லை. மொட்டை தன் தலையைத் தடவிக்கொண்டே நின்றான். மேனேஜர் தன் மருமகனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார், எதற்கென்று தெரியவில்லை.

கதவில் முதலில் தெரிந்தது மட்டையின் வெறுங்கால். தீயணைப்பு ஆள் அவனைத் தோளில் போட்டிருந்தார். கொக்கும் கௌதாரியும் ஓடிப்போய் வாங்கித் தரையில் கிடத்தினார்கள். இருமினான். கண்ணைத் திறக்க முடியவில்லை. பெரியக்கா தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "மூச்சு விடுடா. திட்டறதெல்லாம் அப்புறம். இப்போ விடு," என்றாள். அதற்குள் வந்துசேர்ந்த ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை விலக்கினார்கள். பிழைப்பானா என்று கேட்டாள். அவர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை.

"அந்த ரூம்ல கைக்கு எட்டின இடமெல்லாம் பார்த்துட்டேன், ஆனா புகை மாதிரி இருக்கு. முழுசாத் தெரியல," என்றார் தீயணைப்பு ஆள். கதவை விட்டு இன்னும் நகரவில்லை.

அதிகாரி என்னிடம் வந்தார். "இப்போ சொல்லு. வேற யாரும் இல்லையே?"

மட்டையின் பெயரை வந்தவர்களோடு சேர்த்து மறுபடி ஓட்டினேன். திரையில் பூஜ்யம். சற்று முன் பார்த்த அதே பூஜ்யம், அதே இடத்தில். அதை நம்பாமல் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசி வரை வந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஜோடி இருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே ஆள் இருப்பதாகத்தான் பட்டது.

"தம்பி, நேரமில்ல," என்றார் அதிகாரி.

"இல்ல சார். பூட்டுங்க."

அதிகாரி கை அசைத்தார். தீயணைப்பு ஆள் வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தார். கனத்த கதவு அவருக்குப் பின்னால் மூடியது. நெம்புகோலை இறக்கிப் பூட்டினார்கள்.