பதினொருவருக்கு விழுந்த அடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு வைகாசி மாதம், சிற்றம்பலம் தன் மகன் நடராசாவின் மூக்கை உடைத்தபோது, ஓமந்தைக்குக் கிழக்கேயுள்ள குடியேற்றத்தில் பதினொரு மூக்குகள் உடைந்தன. பதினொருவரில் ஒருவனான தில்லைநாதன் அப்போது தன் வயலில் வரம்பு வெட்டிக்கொண்டிருந்தான். வாய்க்காலில் முகத்தைக் கழுவினான். இரத்தம் நின்றதும் மிச்ச வரம்பை வெட்டினான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். முந்தின வருடம் வவுனியாவில் நடந்த உதைபந்தாட்டத்தில் முல்லைத்தீவுக் கடற்கரை அணி குடியேற்றத்து அணியை ஆறு கோலால் வென்றிருந்தது. யாழ்ப்பாணத்தின் பதினொரு ஊர்களிலிருந்து காணி பெற்று வந்த பதினொரு குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவன் மற்றவனுக்குப் பந்து கொடுக்கமாட்டான். தோற்ற ஆத்திரத்தில், தலைவனான தில்லைநாதன் அவர்களைக் குளக்கட்டு ஐயனாரிடம் கூட்டிப்போய், கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வித்தான்: ஒருத்தனுக்கு விழுகிற அடி எல்லாருக்கும் விழட்டும். விளையாட்டில் மட்டும் என்று சொல்ல மறந்துபோனான். ஐயனார் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர்கள் நன்றாக விளையாடினார்கள். பக்கத்தில் ஓடுபவன் உதைபட்டால் தன் காலும் வீங்கும் என்பதால் ஒருவனை ஒருவன் மறைத்து ஓடினார்கள். செட்டிகுளத்தை வென்றார்கள். குறை ஒன்றுதான். சிற்றம்பலம் துவரங்கம்பால் மகனை அடிப்பவர். மாடு படுத்தாலும் அடி, மழை பிந்தினாலும் அடி. ஆனியில் கடற்கரை அணியோடு இறுதி ஆட்டம் வந்தபோது பதினொரு முதுகுகளிலும் தோல் இல்லை.

பூசாரி வழி சொன்னார். "அவனை விலத்திப்போட்டு வேறை ஆரையும் சேர். சத்தியம் அவனை விட்டிடும்."

தில்லைநாதன் அந்த வருடம் கேடயத்தைத் தவிர வேறொன்றையும் விரும்பவில்லை. விலத்திய செய்தியை நேரில் சொல்ல, ஆட்டத்துக்கு முதல் நாள் காலை நடராசாவின் வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில் முதல் அடி விழுந்தது. படலையை அடைவதற்குள் ஒன்பது.

சிற்றம்பலம் நிமிர்ந்து பார்த்தார். "என்ரை பிள்ளைக்கு நான் அடிக்கிறன். உனக்கென்ன?"

தில்லைநாதன் போட்டிருந்த சேட்டைக் கழற்றித் திரும்பி நின்றான். "அவனை விட்டிட்டு இதிலை அடியுங்கோ மாமா. எங்களுக்கு எல்லாம் ஒண்டுதான்."

சிற்றம்பலம் அடித்தார். நிலத்தில் கிடந்த நடராசா துடித்தான். கை ஓயும்வரை அடித்தார். அதற்குள் மற்ற ஒன்பது வீட்டுத் தகப்பன்மாரும் மண்வெட்டிப் பிடிகளோடு வேலியைப் பிரித்து உள்ளே வந்தார்கள். அவர்கள் அதிகம் கதைக்கவில்லை. சிற்றம்பலத்தின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அது அவருக்கு மட்டுமே முறிந்தது.

"நீ ஏன்ரா வந்தனி?" நடராசா எழும்பாமலே கேட்டான்.

"நாளைக்கு நீ வலது பக்கம் விளையாடுறாய். அதைச் சொல்லத்தான்."

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. முடிய ஐந்து நிமிடம் இருக்க, கடற்கரை அணியின் அல்பேர்ட், கரைவலை இழுத்து வைரமேறிய காலால், நடராசாவின் இடது கணுக்காலை உதைத்து முறித்தான். பதினொரு கணுக்கால்கள் ஒரே சத்தத்தில் முறிந்தன.

"நான் ஒருத்தனுக்குத்தானே அடிச்சனான்," என்று அல்பேர்ட் நடுவரிடம் சொன்னான். நடுவர் யோசித்தார். இப்படியொன்றுக்கு விதி இல்லாததால் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

பதினொருவரும் தவழ்ந்து போய், உடைந்த குளக்கட்டில் மண்மூட்டை அடுக்குவதுபோல் கோல் வாசலில் ஒருவன்மேல் ஒருவனாய்க் கிடந்தார்கள். நடராசாவை அடியில் போட்டு, தில்லைநாதன் மேலே கிடந்தான். ஐந்து நிமிடமும் பந்து முகங்களில் பட்டது. தில்லைநாதனின் முன்பற்கள் இரண்டு போயின, மொத்தம் இருபத்திரண்டு. கோல் விழவில்லை.

நாணயம் சுண்டியதில் கேடயம் கடற்கரைக்குப் போனது. அல்பேர்ட்டும் கூட்டாளிகளும் அதை வெயிலில் வைத்துவிட்டு, பதினொருவரையும் ஆளுக்கொருவராய்த் தோளில் தூக்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். வழியில் அல்பேர்ட்டின் தோளில் கிடந்த தில்லைநாதன், அடுத்த வருடமும் இதே பதினொருவர்தான் வருவோம் என்றான். பல் இல்லாததால் அதை இருதரம் சொல்லவேண்டியிருந்தது.

அந்த வருடத்துக்குப் பிறகு, குடியேற்றத்திலிருந்து ஒருவன் காயத்தோடு வந்தால், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுபவர் அவனை வாங்கில் இருத்திவிட்டுப் பதினொரு துண்டுத் துணி கிழித்து வைப்பார். மற்றவர்கள் வந்து சேரும்வரை கட்டத் தொடங்கமாட்டார்.