செல்லுகிற வரிசை

சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் தையல்காரம்மா நீட்டிய பால்பவுடர் கூப்பனை, செல்லாது என்று கவுண்டர்காரி தள்ளிவிட்டாள். கைக்குழந்தைக்கு வீட்டில் ஒரு கரண்டி பவுடர்கூட இல்லை. முழு விலை கொடுக்கப் பையிலும் காசில்லை. பக்கத்து கவுண்டரிலோ அதே கூப்பனைக் கொடுத்து ஒருவர் பாதி விலைக்கு டின்னை வாங்கிப் போனார்.

“அங்க செல்லுது, இங்க செல்லாதா தம்பி?” என்று மேனேஜரைக் கேட்டாள்.

“அது அந்தந்த கவுண்டர்ல இருக்கறவங்க இஷ்டம்மா.”

“அப்படிச் சொல்லுங்க!” தையல்காரம்மா பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “கூப்பன் வச்சிருக்கறவங்க எல்லாம் அந்த வரிசைக்கு வாங்க, அங்கதான் மனசு பெருசு!”

தள்ளுவண்டிகள் மடமடவெனத் திரும்பின. இந்தப் பக்கம் கவுண்டர்காரி ஈ ஓட்டினாள், அந்தப் பக்கம் வரிசை வாசலைத் தொட்டது.

“ஐயோ, எல்லா கவுண்டர்லயும் செல்லும்!” என்று மேனேஜர் கத்தினார்.

தையல்காரம்மா காலியான கவுண்டருக்கே முதல் ஆளாக வந்து நின்றாள்.

“ஒரு டின் போதுமாக்கா?” என்றாள் கவுண்டர்காரி.